ஆப் சொன்னாச் சரிங்க

பழைய போன் வாங்கி விற்கிற தொழிலுக்கு மூலதனம் வாய்தான். அந்த வாயை ஒரு ஆப் வந்து தைத்துப் போட்ட கதை இது.

உங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதி. காலையில் நூறு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்புகிற போன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பதுக்கு வந்து நிற்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்ப்போம். அவருக்கு எழுபது இருந்தால் வயிறு எரியும். டீக்கடைக்குள் நுழைந்தால் மாஸ்டரைத் தேடுவதற்கு முன்னால் பிளக் பாயிண்டைத் தேடுவோம். இந்த வியாதிக்காரர்கள் எல்லோரும் கடைசியில் வந்து விழுகிற இடத்தில் நான் கடை போட்டிருக்கிறேன். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்து, ஒற்றை ஷட்டர். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் பழைய போன்கள், அதற்குப் பின்னால் நான். உள்ளே, லைட் போட்ட மேஜையில் என் கூட்டாளி சிராஜ் பாய். வாங்குவது, விற்பது, பேரம், சண்டை எல்லாம் என் இலாகா. கழற்றுவது, மாட்டுவது, பேட்டரி மாற்றுவது, கேட்டவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது பாயின் இலாகா.

நான் படித்த பள்ளிக்கூடம் இதே பஸ் ஸ்டாண்டுதான். இயர்போனும் போன் கவரும் தோளில் மாலை மாதிரி தொங்க, கிளம்புகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி விற்றவன். பஸ் நகர்வதற்குள் பேரம் முடிந்தாக வேண்டும். மெதுவாகப் பேசுகிறவன் அங்கே பட்டினிதான் கிடக்கணும். அதனால் எனக்கு மெதுவாகவும் பேச வராது, விட்டுக்கொடுக்கவும் வராது. கடை வந்தது, ஷட்டர் வந்தது, மேலே ஃபேன்கூட வந்தது. தொண்டை மட்டும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது.

டிக்கெட் எடுத்துப் போட்ட சண்டை

ஆடி மாசத்தில் ஒரு நாள், என்னிடம் போன் வாங்கிப் போனவர் ஒருவர் திரும்பி வந்தார். பேட்டரி செத்தது என்றார். சாகவில்லை என்றேன். இருவரும் இதையே மாற்றி மாற்றிச் சொன்னோம், சத்தம் மட்டும் ஏறியது. சந்துக்குள் பத்துப் பேர் கூடினார்கள். நடுவில் அவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். பாதிப் பேச்சில் ஒருத்தர் எழுந்து போனால் எனக்குத் தலை கொதிக்கும். பின்னாலேயே போனேன். அவர் சிங்காநல்லூர் வண்டியில் ஏறினார், நானும் ஏறினேன். கண்டக்டர் வந்து, சண்டை போடுங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா சீட்டு வாங்கிட்டுப் போடுங்க என்றார். அவருக்கும் சேர்த்து நானே வாங்கினேன். வாங்கும்போதும் திட்டுவதை நிறுத்தவில்லை. ராமநாதபுரம் சிக்னலில் ஜன்னலோரக் கிழவர் ஒருத்தர் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லப் பார்த்தார். அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

திரும்பி வந்தபோது பாய் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார் என்றால் வழக்கமான துடைப்பு இல்லை. காலி செய்யப்போகிறவர் துடைக்கிற துடைப்பு. உக்கடத்தில் அவர் தம்பி புதிதாகக் கடை திறந்து, அண்ணனை வாவா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கடை என் பேரில் இருக்கிறதே தவிர, கூட்டம் வருவது பாய் கைக்குத்தான். அவர் போனால் எனக்கு மிஞ்சுவது ஷட்டரும் ஃபேனும். பாய் குரலை உயர்த்தவே இல்லை. அவர் என்றைக்குமே உயர்த்தியதில்லை.

"பஸ்ல டிக்கெட் எடுத்துச் சண்டை போட்ட ஆளை நான் இப்பத்தானுங்க பாக்கறேன். தீபாவளி வரைக்கும் இன்னொரு கஸ்டமரைத் தொரத்துனீங்கன்னா, மேஜையோட நான் உக்கடம் போயிக்கறேன், வேலு."

மூன்று வார்த்தை

வெறுமனே மிரட்டிவிட்டு விடுகிற ஆள் இல்லை பாய். மருந்தும் கொடுத்தார். பேட்டரியைச் சோதிக்கிற ஆப் ஒன்று. போனில் ஏற்றி சார்ஜ் போட்டால், உள்ளே எவ்வளவு போகிறது என்று அது எண்ணும். புதுசில் பிடித்த அளவுக்கு இப்போது நூற்றில் எத்தனை பிடிக்கிறது என்று சொல்லும். போன் எவ்வளவு சூடாக இருக்கிறது, எந்த ஆப் எவ்வளவு தின்றது, எல்லாம் காட்டும். ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்த்தால் உத்தேசம்தான். நாலைந்து தடவை நன்றாக இறக்கி ஏற்றினால் அந்த எண்ணை நம்பலாம். இனி வாங்குகிறவர், விற்கிறவர் யாராக இருந்தாலும் அவர் கண் முன்னால் ஆப் போடுவோம், வருகிற எண்ணுக்குப் பேரம் கிடையாது, நீங்க 'ஆப் சொன்னாச் சரிங்க'ங்கற மூணு வார்த்தைக்கு மேல பேசக்கூடாது என்றார். அதையும் மீறிக் கோபம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள ஒரு பாட்டில் கடலை மிட்டாய் வாங்கி வைத்தார்.

முதல் நாளே ஒரு காலேஜ் பொண்ணு போன் விற்க வந்தது. என் கை சும்மா இருக்குமா. போனை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டி, உதட்டைப் பிதுக்கி, பேட்டரி வீக்குங்க என்று வழக்கப்படி ஆரம்பித்துவிட்டேன். உள்ளே பாய் இருமினார். மிட்டாயை எடுத்துக் கடித்தேன். ஆப் போட்டோம், சார்ஜ் போட்டோம், அந்தப் பொண்ணு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தது. எண் வந்தது: தொண்ணூற்றாறு. என்னால் முடிந்த அளவு மெதுவாக மூன்று வார்த்தையைச் சொன்னேன். அந்தப் பொண்ணு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஏனுங்ணா, ஆப்புக்கு ஒரு மணி நேரமாச்சு, நீங்க ஒரே ஆட்டுல கண்டுபுடிச்சுப்போட்டீங்க. ஆனா அதுதாங்ணா கொஞ்சம் படிச்சிருக்குது."

தக்காளிக்குப் பக்கத்தில்

பெருந்துறை எஸ்டேட்டில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவர் ஒருவர், பேட்டரி நிற்கிறதே இல்லை என்று வந்தார். மனுஷன் பாய்லர் பக்கத்தில் வேலை பார்த்தால், சட்டைப் பையில் இருக்கிற போனும் அங்கேதானே வேலை பார்க்கும்? ஆப்பைப் போட்டு ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். நாற்பத்தாறு டிகிரி காட்டியது. பாய் அவரை உட்கார வைத்து, பேட்டரிக்குச் சூடுதான் எமன், வேலை நேரத்தில் போனைக் குளிர்ச்சியான இடமாப் பார்த்து வையுங்க என்று சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து வந்தார். முகத்தில் வெற்றிக் களை. கையில் இருந்த போனின் கண்ணாடிக்குள் மார்கழி மாசத்து விடியற்காலை மாதிரி ஒரே பனி. விசாரித்தால், கேன்டீன் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். டிபன் பாக்ஸுக்குள் போட்டு, தக்காளிக்கும் தோசை மாவுக்கும் நடுவில். போன் அடித்தால் கேன்டீன் மாஸ்டர் ஃபிரிட்ஜைத் திறந்து, உங்க ஊட்ல இருந்து கூப்புடறாங்க என்று பாய்லர் வரைக்கும் கேட்கச் சத்தம் கொடுப்பாராம். ஆப் ஏழு டிகிரி காட்டியதைப் படம் பிடித்து மச்சானுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். குளிரில் இருந்து எடுத்து அந்தச் சூட்டுக்குள் கொண்டுபோனால் உள்ளே தண்ணி கோத்துக்கொள்ளாதா? நான் மூன்று கடலை மிட்டாயை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டேன். பாய் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் யாராவது போனை வைப்பாங்களா என்று மட்டும் கேட்டார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஃபிரீசர்லயா வெச்சுப்போட்டேன்? கீழ் தட்டுலதானுங்க வெச்சேன். எனக்கு அந்த விவரம்கூட இல்லீங்களா?"

நூற்றிப் பதினாலு

இடம் வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில் இஸ்திரி கலையாமல் வந்தார். போனை விற்க வேண்டும். ஆப்பை அவரே ஏற்றி, அவரே சோதித்து, கையோடு கொண்டுவந்திருந்தார். பேட்டரி ஆரோக்கியம் நூற்றுக்கு நூற்றிப் பதினாலு. வாங்கின அன்னைக்கு நூறு, நான் பராமரிச்ச பராமரிப்புல பதினாலு ஏறியிருக்குது, அதையும் சேர்த்து விலை சொல்லுங்க என்றார். ரோடு வந்தால் இடத்தின் விலை ஏறுகிற மாதிரி, பேட்டரியும் வருஷம் ஆக ஆக ஏறும் என்பது அவர் கணக்கு. அப்படியே சட்டையைப் பிடிக்கலாம் என்று கை துறுதுறுத்தது. மிட்டாய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் போனை வாங்கிப் பார்த்தார். இந்த ஆப்பில் ஒரு விஷயம் உண்டு. பேட்டரி புதுசில் எவ்வளவு பிடிக்கும் என்பதை ஆரம்பத்தில் நாம்தான் எழுதவேண்டும். ஐயாயிரம் என்று எழுதவேண்டிய இடத்தில் மனுஷன் நாலாயிரம் என்று எழுதியிருக்கிறார். சின்னப் படியை வைத்து அளந்தால் நெல்லு கூடத்தானே தெரியும்? பாய் அதைத் திருத்தினார். நூற்றிப் பதினாலு இருந்த இடத்தில் தொண்ணூற்றொன்று வந்தது. நல்ல எண்தான், பழைய போனுக்கு இதைவிட என்ன வேண்டும். நானும் ஆப் சொன்னாச் சரிங்க என்றேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாயின் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டினார். அவரிடம் பாய் நாலு தடவை விளக்கினார். அஞ்சாவது தடவை விளக்கப் போகும்போது நடுவில் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணி குடித்துவிட்டு வந்தார். அதுவும் பிரயோஜனப்படவில்லை.

"கடைக்குள்ள வாரப்ப நூத்திப் பதினாலு. பாய் கைக்குப் போயிட்டு வந்தா தொண்ணூத்தொண்ணு. மிச்சம் இருபத்திமூணை யாரு எடுத்தீங்கன்னு சொல்லிப்போடுங்க, நான் பேசாமப் போயிக்கறேன்."

பார்த்துக்கொண்டே இருந்த அம்மணி

பீளமேட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிற அம்மணி ஒருவர். போன் மத்தியானத்துக்கு மேல் நிற்பதில்லை, எந்த ஆப் தின்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். பாய் சோதனை ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் வந்தார்கள். இப்போது பதினோரு மணிக்கே தீர்ந்துவிடுகிறதாம். பாய் பட்டியலைத் திறந்து பார்த்தார். பேட்டரியை அதிகமாகத் தின்றது எதுவென்றால், எது தின்கிறது என்று பார்க்க நாங்கள் போட்டுக் கொடுத்த அதே ஆப். ஒரு எண் குறைந்ததும் ஏன் குறைந்தது என்று திறந்து பார்த்திருக்கிறார்கள். பார்க்கும்போது இன்னொன்று குறைந்திருக்கிறது. அது ஏன் என்று மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். திரை வெளிச்சம் முழுசாக எரிய, பசங்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க அம்மணிக்கு இதே கணக்குதான்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, ராத்திரி சார்ஜ் போடறப்ப மட்டும் பாருங்கம்மா, போதும் என்று பாய் சொன்னார். குரல் சாதுவாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டார். பாய் கையில் இருந்து ஸ்க்ரூ விழுந்து நான் பார்த்ததே இல்லை. அம்மணி அவரை, வகுப்பில் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதின பையனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. நான் பாக்கலீன்னா அது கொறையறது எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஏரோப்ளேன்

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவரிடம் நான்தான் போன் விற்றேன். ஒரு வாரத்தில் வந்து நின்றார். வீட்டில் இருந்தால் நிற்கிறது, தோப்புக்குப் போனால் ரெண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது, உங்க போனுக்குத் தென்னை மரம் ஆகாதுங்களா என்றார். ஆப் சொன்ன காரணம் வேறு. தோப்புக்குள் டவர் கிடையாது. கிடைக்காத டவரைத் தேடித் தேடியே போன் களைத்துப்போகிறது. பாய் ஒரு யோசனை சொன்னார். தோப்புக்குள் இருக்கிற நேரத்துக்கு ஃப்ளைட் மோடில் போடுங்க, திரையில் சின்னதா ஒரு ஏரோப்ளேன் படம் வரும், போன் தேடறதை நிறுத்திக்கும். மனுஷன் போய் அப்படியே செய்தார். அடுத்த வாரம் ஒரு குலை இளநீரோடு வந்தார். மூணு நாள் நிக்குதுங்க பாய், நீங்க நல்லா இருக்கோணும் என்று சொல்லிவிட்டு, நிம்மதியான மனுஷன் நடக்கிற நடை நடந்து போனார்.

அதற்கடுத்த வாரம் அவர் வீட்டம்மா வந்தார்கள். தனியாக, ரெண்டு பஸ் மாறி. புருஷன் வீட்டிலும் ஏரோப்ளேனை இறக்குவதே இல்லையாம். சந்தைக்குப் போனாலும் அதே, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் அதே. கேட்டால் காந்திபுரத்து பாய் சொல்லியிருக்கார், பேட்டரிக்கு நல்லது என்று பதில். நான் மிட்டாயைத் தேடினேன். பாட்டிலில் இருந்ததை பாய் எடுத்து மென்றுகொண்டிருந்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேஜைக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க பாய், எங்கூட்டுக்காரரு தலைக்கு மேல நீங்க ஏத்தி உட்ட ஏரோப்ளேனை எப்ப எறக்கப் போறீங்க? நீங்க அதை எறக்காம நான் இங்கிருந்து எந்திரிக்கறதா இல்லீங்க."

டீக்கு டீ அஞ்சு

இந்த இடத்தில் எனக்கே உறைத்திருக்க வேண்டும். நான் மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டதால் ஊர்ப் பேச்சு முழுக்க பாய் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஓடவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் பாக்கி, இன்னும் ஒருத்தரையும் விரட்டவில்லை என்ற மிதப்பில் இருந்தேன். அப்போதுதான் சிங்காநல்லூர்க்காரர் ஒருவர் வர ஆரம்பித்தார், ஆடியில் நான் துரத்தினவர் இல்லை, இவர் வேறு.

பம்ப்செட் உதிரிபாகத்துக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை அவருக்கு. பாய் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். ஏற்கனவே போனில் இருந்த ஆப் பழைய பேட்டரிக்கு எழுபத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. புதுசு போட்ட மறுநாள் எழுபத்திநாலு என்றது. பழைய பேட்டரியின் கணக்கும் புதுசின் கணக்கும் கலந்து கிடக்குது, பழசை அழிச்சுப்போட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம் என்றார் பாய். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அழிச்சா ஆதாரம் போயிருமுங்க என்றார். சரி, அழிக்க வேண்டாம், நாலு தடவை நல்லா இறக்கி நிறைய ஏத்துங்க, எண் தானா மேலே வந்துரும் என்றார் பாய். அவர் வேலைக்கு அதுவும் ஒத்துவராது. கடைக்குக் கடை ஆர்டர், ஆர்டருக்கு ஆர்டர் டீ, டீக்கு டீ ஒரு பிளக் பாயிண்ட். ஐம்பத்தெட்டில் போட்டு அறுபத்திமூன்றில் எடுப்பார். அடுத்த டீயில் அறுபதில் போட்டு அறுபத்தஞ்சில் எடுப்பார். இப்படிச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் எந்த ஆப் எதை அளக்கும்? தினமும் சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் வந்து மேஜை மேல் போனை வைப்பார். எழுபத்திநாலு. எழுபத்தஞ்சு. மறுபடியும் எழுபத்திநாலு. பாய் தினமும் முதலில் இருந்து விளக்குவார்.

அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை, தீபாவளிக் கூட்டம். சிங்காநல்லூர்க்காரர் எல்லோர் தலைக்கும் மேலாக போனை நீட்டினார். பாய் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருடைய போனையோ திறந்து வைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, நான் சொன்ன மாதிரி இறக்கி ஏத்துனீங்களா என்று கேட்டார். கடையே அமைதியாக இருந்த ஒரு நொடியில்தான் அவர் அதைச் சொன்னார்.

"இறக்கறது ஏத்தறதெல்லாம் இருக்கட்டும் பாய். பழைய பேட்டரி மேல புது ஸ்டிக்கரை ஒட்டிப்போட்டு, ஏனுங்க சும்மா கதை சொல்றீங்க?"

சிங்காநல்லூர் வண்டி

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை பாய்க்கு அந்தக் குரல். ஆடியில் இருந்து சேர்த்து வைத்தது மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. ஃபிரிட்ஜ் வந்தது, காணாமல் போன இருபத்திமூன்று வந்தது, ஏரோப்ளேன் வந்தது. எதுவும் அந்த மனுஷனுக்குச் சம்பந்தமில்லாதது, எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவர் பயந்து வெளியே போனார். பாய் மேஜையைத் தாண்டி, நெற்றியில் பூதக்கண்ணாடி ஆட, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு பின்னால் போனார். எதிரே வந்தவர்கள் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்து வழிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிவிட்டு, எல்லோரும் கொஞ்சம் வெளியே நில்லுங்க என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் ஓடினேன். அவர் பஸ்ஸில் ஏறினார், பாயும் ஏறினார். பாய் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். விசில் வாயில் வைத்திருந்த கண்டக்டர் என்னை உற்றுப் பார்த்தார். அதே கண்டக்டர்.

"இந்தத் தடவ மூணுங்களா? ஆடில வந்தப்ப ரெண்டு பேருதான இருந்தீங்க?"

நிக்குதுங்களே

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சமாதானம் பேசினேன். எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிந்தது மூன்று வார்த்தைதான். பாய் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஆப் சொன்னாச் சரிங்க பாய், ஆப் சொன்னாச் சரிங்க என்றேன். இன்னொருக்கா ஆப் பேரை எடுத்தீங்கன்னா நான் இங்கயே எறங்கிக்கறேன் என்று என்மேல் பாய்ந்தார். பையில் கிடந்த ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, கடித்து, மென்றுகொண்டே திட்டினார். மருந்து அவருக்கும் கேட்கவில்லை. சிங்காநல்லூர்க்காரர் கம்பியில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க பாய்க்கு இன்னும் ஏறியது. எனக்கோ ஒரே ஒரு கவலைதான். இந்தக் கூத்து நாளைக்கு உக்கடத்துக்குப் போய், பாய் தம்பி பார்த்து, உங்களை இந்த நெலைமைக்குக் கொண்டுவந்துட்டாங்களே என்று கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவானே என்று.

ராமநாதபுரம் சிக்னல் தாண்டியது. மூச்சு வாங்க பாய் ஒரு நிமிஷம் நிறுத்தினார். சிங்காநல்லூர்க்காரர் வீடியோவை நிறுத்திவிட்டுத் திரையின் மூலையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்றவரிடம் காட்டி, இது என்ன எண்ணுங்க என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பஸ் ஏறும்போது அறுபத்திநாலு இருந்திருக்கிறது. வெளிச்சத்தை முழுசாக வைத்து, காந்திபுரத்தில் இருந்து நிறுத்தாமல் வீடியோ எடுத்தும் ஐம்பத்தேழில்தான் இருக்கிறது. அந்தப் பழைய பேட்டரியில் பாட்டு ரெண்டு கேட்டாலே இவ்வளவு போயிருக்குமாம். அத்தனை நாளும் வராத ஒரு மரியாதையோடு அவர் பாயிடம் திரும்பினார். போனை மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.

"பேட்டரி புதுசுதானுங்க பாய், நல்லா நிக்குது. நீங்க மட்டும் இன்னும் ரெண்டு ஸ்டாப்பு திட்டுனீங்கன்னா எனக்கு முழுசாத் தெளிஞ்சுரும்."

அவர் இறங்கியதும் நாங்களும் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, காந்திபுரம் வண்டிக்குக் காத்திருந்தோம். பாய் நெற்றியில் இருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பிக்கு போன் போட்டு, வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன் என்றார். ஏனுங்க என்று கேட்டேன். உக்கடத்துல பஸ் ஏறி வந்து என்னைப் புடிச்சு இழுக்கறதுக்கு யாருங்க இருக்காங்க என்றார். வண்டி வந்தது. இந்தத் தடவை டிக்கெட்டை பாய் வாங்கினார்.

போனில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கு என்று சொல்ல ஆயிரம் ஆப் வந்துவிட்டது, அதைத் தினமும் பத்துப் பேருக்கு விளக்குகிறவனிடம் பொறுமை எவ்வளவு மிச்சமிருக்கு என்று சரியாகச் சொல்ல இன்றைக்கும் சிங்காநல்லூர் வண்டி ஒன்றுதான் இருக்கிறது.